டீசல் இன்ஜெக்ஷன் பம்ப் மேனுவல் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றி மேசை மேல் பரப்பிவிட்டு, அப்புறம் மேனுவல் தேட உட்காருபவர்கள் நிறையப் பேர். வரிசையை மாற்றினாலே பாதி அலைச்சல் குறையும். முதலில் அந்தப் பம்பின் எண், பிறகு அந்த எண்ணுக்கு உரிய தாள்கள், அதற்கும் பிறகுதான் ஸ்பேனர். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பம்புகளுக்குள் ப்ளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) விட்டம், கேம் லிஃப்ட் (அந்தத் தண்டை ஏற்றும் உயரம்), கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஸ்பிரிங் எல்லாமே வேறாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"பம்ப் மேனுவல்" என்றால் ஒரே புத்தகமா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பம்பை முழுதாகப் பழுது பார்க்க நான்கு வகைத் தாள்கள் வேண்டும். இவை நான்கும் ஒரே அட்டைக்குள் கிடைப்பது அபூர்வம்.

முதலாவது ரிப்பேர் மேனுவல். எப்படிக் கழற்றுவது, எந்த ஸ்பெஷல் டூல் வேண்டும், எந்தப் பாகத்தில் எவ்வளவு தேய்மானம் வரை ஏற்கலாம், எந்த நட்டை எவ்வளவு டார்க்கில் முறுக்குவது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பம்ப் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ரிப்பேர் மேனுவல்தான் எழுதியிருப்பார்கள். இரண்டாவது பார்ட்ஸ் லிஸ்ட். பிரித்துக் காட்டிய படத்தோடு, குறிப்பிட்ட ஒரு பம்ப் எண்ணுக்கு எந்த எலிமெண்ட் (ப்ளஞ்சரும் அது ஓடும் பேரலும் சேர்ந்த ஜோடி), எந்த டெலிவரி வால்வு, எந்த ஸ்பிரிங் என்று சொல்வது இதுதான். மூன்றாவது டெஸ்ட் பிளான். பம்பைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் சோதனை பெஞ்சில் எந்த வேகத்தில் எவ்வளவு டீசல் வர வேண்டும், கவர்னர் எப்போது டீசலை வெட்ட வேண்டும் என்ற எண்கள் அதில் உண்டு. நான்காவது, பம்பை இன்ஜினில் பொருத்தி டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) வைக்கும் முறை. இது பம்ப் கம்பெனியின் தாளில் இருக்காது, இன்ஜின் கம்பெனியின் மேனுவலில்தான் இருக்கும்.

"மேனுவல் வேண்டும்" என்று கேட்பவர்கள் பலரும் முதலாவதைத் தேடுகிறார்கள். உண்மையில் கையில் இல்லாமல் திண்டாட வைப்பது மூன்றாவது. அனுபவம் உள்ள கை ஒரு பம்பைப் படம் இல்லாமலும் பிரித்து மாட்டிவிடும். டெஸ்ட் பிளான் எண்களை ஊகித்துச் சொல்ல யாராலும் முடியாது.

வண்டியின் சர்வீஸ் மேனுவல் என்னிடம் இருக்கிறது. அது போதாதா?

நான்காவது தாளுக்கு அது போதும், அதற்கு மிகவும் அவசியமும்கூட. பம்பை இறக்குவது, ஏற்றுவது, டைமிங் பார்ப்பது, ஏர் எடுப்பது வரை விவரமாகச் சொல்லும். பம்பின் உள்ளே போகும் இடம் வந்ததும் "அங்கீகரிக்கப்பட்ட பம்ப் கடைக்கு அனுப்பவும்" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும். அதற்குக் காரணம் இருக்கிறது. ப்ளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான்தான். இரண்டையும் ஜோடியாகவே இழைத்து எடுத்திருப்பார்கள், ஒன்றின் ப்ளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட முடியாது. தூசி பறக்கும் இடத்தில் திறந்து, பெஞ்ச் இல்லாமல் மூடினால் என்ன ஆகும் என்று இன்ஜின் கம்பெனிக்குத் தெரியும்.

நேம் பிளேட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

பம்ப் உடம்பில் ரிவெட் அடித்த தகடு இருக்கும். பெயிண்டும் கிரீஸும் மூடியிருந்தால் துணியில் டீசல் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். வயர் பிரஷ் போடாதீர்கள், லேசாகப் பதிந்த இலக்கங்கள் அதோடு போய்விடும்.

போஷ் பம்பில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று பத்து இலக்க எண். விஇ வகை ரோட்டரி பம்புகள் 0 460 என்று தொடங்கும், விபி44 என்றால் 0 470, காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தத்தில் தேக்கும் அமைப்பு) பம்புகள் 0 445. மற்றொன்று எழுத்தும் எண்ணும் கலந்த வகைக் குறியீடு. விஇ 4/10 எஃப் 2100 ஆர் என்பது போல ஒன்று இருந்தால் இப்படிப் பிரித்துப் படியுங்கள்: விஇ வகை, நான்கு சிலிண்டர், ப்ளஞ்சர் விட்டம் 10 மி.மீ., எஃப் என்றால் மெக்கானிக்கல் கவர்னர், 2100 என்பது பம்பின் வேகம், ஆர் என்றால் டிரைவ் பக்கமிருந்து பார்க்கும்போது வலச்சுற்று. அதற்குப் பின்னால் வரும் எண் அந்தப் பம்பின் தனி வடிவத்தைக் குறிக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பம்ப் பாதி வேகத்தில்தான் சுற்றும், ஆகவே 2100 என்பது இன்ஜினில் 4200.

சிலிண்டருக்கு ஒரு ப்ளஞ்சர் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்பில் பிஇஎஸ் 6 ஏ 95 என்று தொடங்கினால் சொந்தக் கேம்ஷாஃப்ட் உடைய, முன்முக ஃபிளான்ஜால் பொருத்தும், ஆறு சிலிண்டர், ஏ அளவுப் பம்ப், எலிமெண்ட் விட்டம் 9.5 மி.மீ. என்று பொருள். இன்லைன் பம்பில் கவர்னருக்கும் தனியாக ஒரு குறியீடு உண்டு, ஆர்எஸ்வி, ஆர்க்யூ, ஆர்க்யூவி என்று வரும். பம்ப் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு கவர்னர் தகட்டை விட்டுவிட்டால் டெஸ்ட் பிளானில் பாதிதான் உங்களுக்குப் பொருந்தும்.

டென்சோ பம்பில் ஆறு இலக்கம், ஒரு கோடு, நான்கு இலக்கம் என்று இருக்கும். விஇ மாதிரியான பம்புகள் 096000 என்றும், காமன் ரெயில் எச்பி3 பம்புகள் 294000 என்றும் தொடங்கும். டீசல் கிகி, பின்னாளில் செக்செல் என்று பெயர் மாறிய ஜப்பானியத் தயாரிப்புகளிலும் இதே அமைப்புதான்: விஇ பம்புகள் 104 என்றும் இன்லைன் பம்புகள் 101 என்றும் தொடங்குவதைப் பார்க்கலாம்.

சிஏவி, லூகாஸ், டெல்ஃபி ஆகிய பெயர்கள் எல்லாம் ஒரே வம்சம். டிபிஏ என்ற பழைய ரோட்டரி பம்பில் 3 எனத் தொடங்கும் நான்கு இலக்கம், எஃப் எழுத்து, மூன்று இலக்கம் என்று எண் அமையும். அதே தகட்டில் சாய்கோடுகளோடு ஒரு செட்டிங் குறியீடும் பொறித்திருப்பார்கள். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். டெலிவரி (பம்ப் தரும் டீசல்) அளவு, அதைப் பார்க்க வேண்டிய பம்ப் வேகம், இன்ஜினின் அதிகபட்ச லோடு இல்லா வேகம் ஆகியவை அதற்குள்ளேயே இருக்கின்றன. தகடே ஒரு குட்டி டெஸ்ட் பிளான்.

ஸ்டானடைன் டிபி2 பம்பில் டிபி2831-5079 போன்ற எண் இருக்கும். 8 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 31 என்பது 0.310 அங்குல ப்ளஞ்சர். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் ஸ்பெசிஃபிகேஷன் எண், தேட வேண்டியது அதை வைத்துத்தான்.

தகடே இல்லை. அல்லது படிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் போட்டோ எடுத்துப் பாருங்கள், தேய்ந்த இலக்கத்தின் நிழல் தெரியும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் வரும். அதுவும் சரிப்படவில்லை என்றால் இன்ஜின் சீரியல் எண்ணிலிருந்து வாருங்கள். இன்ஜின் கம்பெனியின் பார்ட்ஸ் கேட்லாக்கில் அந்த சீரியலுக்கு எந்தப் பம்ப் போட்டு அனுப்பினார்கள் என்று இருக்கும்.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. அந்த இன்ஜினில் இப்போது இருப்பது அதே பம்ப்தானா என்று சொல்ல முடியாது. பல கை மாறிய வண்டியில் யாரோ எங்கிருந்தோ வாங்கிய பம்பை மாட்டியிருக்கலாம். சிலிண்டர் எண்ணிக்கை, சுற்றும் திசை, டர்போ பூஸ்ட் டயாஃப்ரம் இருக்கிறதா, ஸ்டாப் சோலினாய்டு (இன்ஜினை நிறுத்த டீசலை அடைக்கும் மின் வால்வு) எத்தனை வோல்ட் என்று நான்கைந்தை ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

போஷ் பம்பில் 0 986 என்று தொடங்கும் எண் இருந்தால் அது கம்பெனி புதுப்பித்துத் தரும் எக்ஸ்சேஞ்ச் பம்பின் எண். அதை வைத்து நேரே டெஸ்ட் பிளான் தேடினால் கிடைக்காமல் போகலாம். கேட்லாக்கில் அதற்கு இணையான மூல எண்ணைப் பிடித்துவிட்டுத் தேடுங்கள்.

எங்கே தேடுவது?

இதற்குப் பம்பின் வயதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். போஷ் இன்லைன் பம்ப் தொடர் உற்பத்திக்கு வந்தது 1927-ல். விஇ வந்தது 1970-களின் நடுவில். காமன் ரெயில் கார்களுக்கு வந்தது 1997-ல். இந்த நீண்ட காலத்தில் தாள்களும் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன: முதலில் அச்சுத் தாள், அப்புறம் மைக்ரோஃபிஷ் (பக்கங்களைச் சிறிதாக்கிப் பதித்த ஃபிலிம்), பிறகு சிடியும் டிவிடியும், இப்போது சந்தா கட்டிப் பார்க்கும் இணையச் சேவை. பழைய பம்புக்கு இணையச் சேவையில் தேடி இல்லை என்று கைவிடுவதும், புதுப் பம்புக்குப் பழைய புத்தகக் கடையில் அலைவதும் ஒரே மாதிரி வீண் வேலை.

போஷ் பம்புகளுக்கு முறையான வழி இஎஸ்ஐ டிரானிக் என்ற அவர்களுடைய மென்பொருள். பார்ட்ஸ் லிஸ்ட், ரிப்பேர் முறை, சோதனை மதிப்புகள் ஆகியவை அதில் தனித்தனிப் பகுதிகள். சந்தா எடுக்கும் முன் உங்களுக்கு வேண்டிய பகுதி அந்தச் சந்தாவில் சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரின் எலக்ட்ரிக்கல் கோளாறு பார்க்கும் பகுதியை வாங்கிவிட்டு அதில் பம்ப் டெஸ்ட் பிளானைத் தேடிப் பயனில்லை. டெல்ஃபி டெக்னாலஜிஸ் 2020-ல் போர்க்வார்னர் கைக்குப் போனது, 2023-ல் அந்தத் தொழில் ஃபினியா என்ற தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. ஆகவே சிஏவி காலத்துத் தாளை விசாரிக்கும்போது இத்தனை பெயர்களிலும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

பெரிய இன்ஜின்களுக்கு இன்ஜின் கம்பெனியே நல்ல வழி. கம்மின்ஸின் குவிக்சர்வ் ஆன்லைனில் இன்ஜின் சீரியல் எண்ணைக் கொடுத்தால் அந்த இன்ஜினின் பாகங்களும், எந்தப் பாகத் தொகுப்போடு அது கட்டப்பட்டது என்று காட்டும் சிபிஎல் எண்ணும் வரும். கேட்டர்பில்லருக்கு எஸ்ஐஎஸ் என்ற சேவை. ஜான் டியர் தன் இன்ஜின்களுக்கு சிடிஎம் என்ற தொழில்நுட்ப மேனுவல்களைத் தனியாகவே விற்கிறது. சில கார் கம்பெனிகள் தங்கள் மேனுவல் தளத்தை ஒரு மணி நேரம், ஒரு நாள் என்று குறுகிய காலக் கட்டணத்துக்கும் திறந்து விடுகின்றன. எதை எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போனால் ஒரு நாள் சந்தாவிலேயே வேலை முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியார் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் பழுது விவரங்களைத் தர வேண்டும் என்று 2018/858 என்ற ஒழுங்குமுறையே இருக்கிறது. அது வண்டி கம்பெனிகளைக் கட்டுப்படுத்துவது, பழைய பம்ப் கம்பெனியின் அலமாரியை அது திறந்துவிடாது.

பலர் கவனிக்காத புதையல் ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தின் டெக்னிக்கல் மேனுவல்கள். இன்ஜின் எரிபொருள் பாகங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் வகை எண் 2910. டிஎம் 9-2910 என்று தொடங்கும் மேனுவல்களில் சில இன்ஜெக்ஷன் பம்புகளுக்கே முழுக்க முழுக்க எழுதப்பட்டவை. படிக்காத சிப்பாய்க்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு திருகுக்கும் படம் போட்டிருப்பார்கள். ராணுவ வாகனங்களில் இருந்த பம்ப் குடும்பமே சாதாரண வண்டிகளிலும் இருந்ததால் பிரித்து மாட்டும் முறைக்கு அருமையான துணை. அமெரிக்க அரசு ஊழியர்கள் தயாரித்த ஆவணங்களுக்கு அந்த நாட்டில் காப்புரிமை இல்லை என்பதால் இவை வெளிப்படையாகவே கிடைக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடிப் பாருங்கள், பழைய அச்சு மேனுவல்களின் ஸ்கேன் பிரதிகளும் அங்கே கிடைக்கும்.

கடைசியாக, பல காலமாக நடக்கும் பம்ப் கடைகள். அவர்களுடைய அலமாரியில் இருக்கும் தடித்த ஃபைல்களில் உள்ள சில தாள்கள் எந்த இணையதளத்திலும் கிடையாது. எண்ணைச் சரியாக எழுதிக்கொண்டு போய், "இந்த எண்ணுக்கு டெஸ்ட் பிளான் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வேலையையும் அவர்களிடமே கொடுப்பவர் என்றால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

இணையத்தில் எப்படித் தேடினால் கிடைக்கும்?

"டீசல் பம்ப் ரிப்பேர் மேனுவல்" என்று பொதுவாகப் போட்டால் விளம்பரம்தான் வரும். எண்ணை வையுங்கள். அதே எண்ணை இடைவெளியோடு ஒருமுறை, இடைவெளி இல்லாமல் ஒருமுறை, கோடு போட்டு ஒருமுறை என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். ஒவ்வொரு கேட்லாக்கிலும் ஒவ்வொரு விதமாக அச்சிட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் டெஸ்ட் பிளான், காலிபரேஷன் டேட்டா, பார்ட்ஸ் லிஸ்ட் என்ற சொற்களில் ஒன்றை ஆங்கிலத்தில் சேருங்கள். போஷின் பழைய தாள்களுக்கு ஜெர்மன் சொல்லான ப்ரூஃப்வெர்ட்டே (Prüfwerte), அதாவது சோதனை மதிப்புகள், என்பதும் பலன் தரும்.

முழு எண்ணுக்கும் ஒன்றும் வரவில்லை என்றால் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டுத் தேடுங்கள். அந்தக் குடும்பத்துக்கு உரிய ரிப்பேர் மேனுவலாவது மேலே வரும்.

கிடைத்த பிடிஎஃப் என் பம்புக்கு உரியதுதானா?

அட்டையில் பம்ப் படம் ஒத்துப்போகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே எந்த எண்களுக்குப் பொருந்தும் என்ற பட்டியல் இருக்கும், அதில் உங்கள் எண் இருக்க வேண்டும். வெளியான தேதியும் எந்தப் பதிப்பு என்பதும் பாருங்கள். டெஸ்ட் பிளானை கம்பெனிகள் திருத்தி மறுபடி வெளியிடுவதுண்டு. அப்போது பழைய தாளுக்குப் பதிலாக இது என்று தலைப்பிலேயே குறிப்பார்கள்.

பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் பொருளடக்கப் பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் பயிற்சிப் புத்தகத்தை ரிப்பேர் மேனுவல் என்று விற்பவர்கள் உண்டு. போஷின் மஞ்சள் அட்டைப் புத்தகங்கள் அந்த வகை. தத்துவம் படிக்க அவற்றைவிட நல்லது கிடையாது, எல்லாரும் படிக்க வேண்டியவை. ஆனால் டார்க் அளவையும் டெஸ்ட் எண்ணையும் அதில் தேடிப் பிரயோஜனம் இல்லை. மேனுவல் என்று சொல்லி எதையாவது இன்ஸ்டால் பண்ணச் சொல்லும் ஃபைல் இறங்கினால் அப்படியே அழித்துவிடுங்கள்.

டெஸ்ட் பிளான் தாளை எப்படிப் படிப்பது?

மேலிருந்து வாருங்கள். முதல் பகுதி பெஞ்சின் நிபந்தனைகள்: எந்த டெஸ்ட் ஆயில், என்ன வெப்பநிலை, சோதனை நாசில் (டீசலைப் பீச்சும் முனை) எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும், ஹை பிரஷர் பைப் என்ன அளவு. பைப்புக்கு 6 × 2 × 600 என்று மூன்று எண்கள் இருந்தால் வெளி விட்டம், உள் விட்டம், நீளம், எல்லாம் மி.மீ.யில். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட்டு எண்களை மட்டும் எடுப்பவர்கள் அதிகம். பைப் நீளமோ நாசில் அழுத்தமோ மாறினால் டெலிவரி மாறும். அதே பம்ப், அதே செட்டிங், ஆனால் வேறு எண். டெஸ்ட் ஆயிலுக்கு ஐஎஸ்ஓ 4113 என்ற தரம் இருப்பதே இதற்காகத்தான். சாதாரண டீசலை ஊற்றி ஓட்டிவிட்டுத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட முடியாது, தீப்பற்றும் அபாயம் வேறு.

இன்லைன் பம்பாக இருந்தால் அடுத்து ப்ரீஸ்ட்ரோக், அதாவது ப்ளஞ்சர் எத்தனை மி.மீ. ஏறியதும் போர்ட் (டீசல் நுழையும் துளை) மூட வேண்டும் என்பது. அதோடு சிலிண்டர்களுக்கு இடையிலான கோணம். ஆறு சிலிண்டர் பம்பில் பொதுவாக ஒன்றுக்கொன்று 60 டிகிரி, ஏற்கத்தக்க வித்தியாசம் அரை டிகிரி. இது சரியாகாமல் டெலிவரி பக்கம் போகக் கூடாது. தாளில் வரிசை அப்படித்தான் இருக்கும், அந்த வரிசையை மீறாதீர்கள்.

பிறகு டெலிவரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு வேகம், ரேக் (டீசல் அளவை மாற்றும் பல் கம்பி) எவ்வளவு நகர்ந்திருக்க வேண்டும், எவ்வளவு டீசல் வர வேண்டும், சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்று இருக்கும். வேகம் எல்லாம் பம்ப் வேகம், இன்ஜின் வேகம் அல்ல. அளவை எத்தனை ஸ்ட்ரோக்குக்குச் சொல்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பழைய தாள் ஒன்றில் 100 ஸ்ட்ரோக்குக்கு 8,5 கன செ.மீ. என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள காற்புள்ளி நம் தசமப் புள்ளி, ஜெர்மன் தாள்களில் அப்படித்தான் அச்சிடுவார்கள். 100 ஸ்ட்ரோக்குக்கு எட்டரை என்றால் 1000 ஸ்ட்ரோக்குக்கு 85 கன செ.மீ., ஒரு ஸ்ட்ரோக்குக்கு 85 கன மி.மீ. மூன்றும் ஒரே அளவுதான். தாளில் ஒன்றும் பெஞ்ச் மீட்டரில் இன்னொன்றும் இருந்து அதைக் கவனிக்காவிட்டால் பத்து மடங்கு வித்தியாசம் வரும்.

டர்போ வண்டிப் பம்பில் பூஸ்ட் அழுத்தம் கொடுத்து ஒரு வரி, கொடுக்காமல் ஒரு வரி என்று இரண்டு இருக்கும். கடைசியில் கவர்னர்: எந்த வேகத்தில் வெட்டத் தொடங்க வேண்டும், எந்த வேகத்தில் முழுக்க நின்றுவிட வேண்டும், ஐடில் எவ்வளவு. இன்ஜின் கட்டுமீறி ஓடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த வரிகள்தான். நேரம் இல்லை என்று எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

யூனிட் மாற்றுவதில் எங்கே தவறு வரும்?

டார்க்கில். பிரிட்டிஷ், அமெரிக்கத் தாள்களில் பவுண்டு-அடி, பவுண்டு-அங்குலம் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். இரண்டுக்கும் 12 மடங்கு வித்தியாசம். சிறிய திருகில் இதை மாற்றிப் படித்தால் அலுமினிய உடம்பில் மரை போய்விடும். ஒரு பவுண்டு-அடி 1.356 நியூட்டன் மீட்டர், ஒரு பவுண்டு-அங்குலம் 0.113. ஜப்பானியத் தாள்களில் கிலோகிராம்-மீட்டர் என்று இருந்தால் 9.8-ஆல் பெருக்குங்கள். அழுத்தத்தில் ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஸ்கேன் மங்கலாக இருந்தால் 3, 8 இரண்டும் ஒன்றுபோல் தெரியும். சந்தேகம் வந்த எண்ணை அதே குடும்பத்து இன்னொரு தாளோடு ஒப்பிடாமல் பயன்படுத்தாதீர்கள்.

போஷ் விஇ மேனுவலை வைத்து டென்சோ அல்லது செக்செல் விஇ பம்பைப் பார்க்கலாமா?

பிரித்து மாட்டும் வரிசையைப் புரிந்துகொள்ளப் பார்க்கலாம், அடிப்படை அமைப்பு ஒன்றுதான். எண்களை எடுக்கக் கூடாது. டிபிஏவுக்கும் ஸ்டானடைனுக்கும்கூட வேர் ஒன்று, எதிரெதிர் ப்ளஞ்சர் உள்ள ரோட்டரி பம்பை உருவாக்கிய வெர்னன் ரூசாவின் வடிவமைப்பிலிருந்து வந்தவை. அதற்காக ஒன்றின் மேனுவல் மற்றொன்றுக்கு ஆகாது.

மேனுவல் இருந்தால் சர்வீஸ் புல்லட்டின் எதற்கு?

மேனுவல் அச்சானதற்குப் பிறகு கம்பெனி கற்றுக்கொண்டது எல்லாம் புல்லட்டினில்தான் வருகிறது. இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

ஸ்டானடைன் டிபி2-வின் கவர்னர் வெயிட் பகுதியில் முன்பு நெகிழ்வான ஒரு பிளாஸ்டிக் வளையம் இருந்தது. காலப்போக்கில் அது பொடிப்பொடியாக உதிர்ந்து ரிட்டர்ன் வழியை அடைத்துவிடும், வண்டி நின்றுபோகும். பின்னாளில் இஐடி என்ற மாற்று அமைப்பு வந்தது. பழைய மேனுவலைப் பிடித்துக்கொண்டு பழைய வளையத்தையே தேடி வாங்கிப் போடுபவர் அதே கோளாறை மறுபடியும் உள்ளே வைத்து மூடுகிறார்.

இன்னொன்று சீல். கந்தகம் குறைந்த டீசல் பரவலாக வந்தபோது பழைய நைட்ரைல் ஓ-ரிங்குகள் சுருங்கிப் பல பம்புகள் கசியத் தொடங்கின. விட்டான் ரக சீல்கள் போடச் சொன்ன தாள்கள் அதன் பிறகு வந்தவை. சீல் கிட் வாங்கும் முன் உங்கள் பார்ட்ஸ் லிஸ்ட் எந்த ஆண்டுடையது என்று பாருங்கள்.

டெஸ்ட் பெஞ்ச் இல்லை. மேனுவலை வைத்து நானே எவ்வளவு தூரம் போகலாம்?

ஏர் எடுப்பது, ஃபில்டர், ஃபீட் பம்ப், டைமிங், ரிட்டர்ன் லைன், ஸ்டாப் சோலினாய்டு ஆகியவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம். பம்ப் கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும். விஇ பம்பின் டைமிங்கை ஹெட் நடுவில் உள்ள பிளக்கைக் கழற்றி டயல் கேஜ் போட்டுப் பார்ப்பார்கள். எத்தனை மி.மீ. லிஃப்ட் என்பது இன்ஜின் மேனுவலில் இருக்கும். விஇ-யின் மேல் மூடி கேஸ்கெட், த்ராட்டில் ஷாஃப்ட் ஓ-ரிங் போன்ற வெளிச் சீல்களைச் சுத்தமான மேசையும் பொறுமையும் உள்ளவர் மாற்றலாம். மூடியைத் தூக்கும் முன் த்ராட்டில் லீவர் ஷாஃப்ட்டில் எந்தப் பல்லில் இருந்தது என்று அடையாளம் போட்டு வையுங்கள்.

எலிமெண்ட், ரோட்டார், கேம் ரிங், கவர்னர் ஸ்பிரிங், சீல் வைத்த ஃபுல் லோடு திருகு ஆகியவற்றைத் தொட்டால் பெஞ்ச் இல்லாமல் திரும்ப முடியாது. புகை குறைந்ததா என்று பார்த்துத் திருகைத் திருப்புவது காலிபரேஷன் ஆகாது. அதிக டீசலில் ஓடும் இன்ஜினின் பிஸ்டன் உருகும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை.

காமன் ரெயில் பம்புக்கு மேனுவல் கிடைக்குமா?

கண்டுபிடிப்பது கடினம். எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கப் புத்தகங்கள் எளிதாகவே கிடைக்கும், பிரித்துச் சரிசெய்யும் தாள்கள் பெரும்பாலும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்குள்ளேயே இருக்கின்றன. என் கருத்தில் இங்கே மேனுவல் தேடுவதைவிடச் சேதத்தின் எல்லையைப் புரிந்துகொள்வது முக்கியம். போஷின் சிபி4 போன்ற காமன் ரெயில் பம்ப் உள்ளே உரசி உடைந்தால் இரும்புத் துகள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன், டேங்க் வரை போய்விடும். பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் அதே வழியில் போகும்.

மேனுவல்களில் முதல் பக்கமே எச்சரிக்கைதான். அதைப் படிக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். பழைய பம்பிலேயே நாசில் நூறு பாருக்கு மேல்தான் திறக்கும், காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரத்தைத் தாண்டி இரண்டாயிரத்துக்கு மேலும் போகும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், பெரிய வலிகூட இருக்காது. உள்ளே திசு செத்துக்கொண்டிருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போய் "ஹை பிரஷர் டீசல் உள்ளே போய்விட்டது" என்று சொல்ல வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். காமன் ரெயில் இன்ஜின் ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பழைய மேனுவலை ஸ்கேன் செய்து எல்லாருக்கும் கொடுக்கலாமா?

அச்சில் இல்லை என்பதாலேயே காப்புரிமை தீர்ந்துவிடாது. உங்கள் வேலைக்கு ஒரு பிரதி எடுத்து ஒர்க்‌ஷாப்பில் வைத்துக்கொள்வது வேறு, விற்பது வேறு. மூலப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். டெஸ்ட் பிளான் முக்கால்வாசி எண்கள்தான். பார்ட்ஸ் லிஸ்ட்டில் படமும் எண்ணும் போதும். ரிப்பேர் மேனுவலில் திரும்பத் திரும்ப வரும் வினைச்சொற்கள் கொஞ்சம்தான்: கழற்று, அழுத்து, திருப்பு, அள, சரிபார். அவற்றைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் பழகிவிடும். மொழிபெயர்ப்பு ஆப்பில் போடுவதாக இருந்தால் எச்சரிக்கை வரிகளையும் "இடது", "வலது" வரும் வரிகளையும் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு தேடியும் டெஸ்ட் பிளான் கிடைக்கவில்லை. பம்பைத் திறக்கலாமா?

திறக்காதீர்கள். இன்ஜின் ஓரளவாவது ஓடிக்கொண்டிருந்த பம்ப் என்றால், எந்தத் திருகையும் தொடாமல் பெஞ்ச் உள்ள கடைக்கு அப்படியே கொண்டுபோங்கள். வந்த நிலையில் ஒரு ஓட்டம் ஓட்டி, ஐடில், ஃபுல் லோடு, கவர்னர் வெட்டும் வேகம் ஆகிய இடங்களில் ஒவ்வொரு சிலிண்டரின் டெலிவரியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த நாசில், எந்தப் பைப், என்ன வெப்பநிலை என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். தேய்ந்த பம்பின் எண்கள்தான், புதிதின் எண்கள் அல்ல. ஆனாலும் கவர்னர் எங்கே வெட்டியது, ஃபுல் லோடு எந்த அளவில் நின்றது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. சீல் மாற்றி மூடிய பிறகு திரும்ப வந்து நிற்க வேண்டிய இடமும் அதுதான்.